பதின்ம வயதுப் பிள்ளைகளோடு ஓவியம், பறை, நாடகம்: தன்னார்வலராக வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையில் சனிக்கிழமை மதியங்களில் 13 வயது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளோடு வரைவது, பறை அடிப்பது, நாடகம் போடுவது என்று சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குழு எங்களுடையது. பாதிப் பேர் குழந்தைகள் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள். மீதிப் பேர் நகரத்துக்குள் இருந்த குடிசைகளைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த குடியிருப்புகளில் வளர்பவர்கள். எங்களோடு சேர நினைத்து போன் செய்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பதில் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டதால் எழுதியே வைத்துவிட்டேன். படித்துவிட்டு அப்புறம் போன் செய்யுங்கள்.

இந்தப் பிள்ளைகள் யார்?

சட்டத்தின் கண்ணில் 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள். 2015இல் வந்த இளைஞர் நீதிச் சட்டம் அவர்களில் இரண்டு வகையினரைப் பற்றிப் பேசுகிறது. ஒன்று, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள். பெற்றோர் இல்லாதவர்கள், பெற்றோர் இருந்தும் அவர்களால் வளர்க்க முடியாத பிள்ளைகள், வேலைக்கு அனுப்பப்பட்டு மீட்கப்பட்டவர்கள், வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள் எல்லாம் இதில் வருவார்கள். இவர்களைப் பற்றி முடிவெடுப்பது மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு. இன்னொன்று, ஏதோ ஒரு குற்ற வழக்கில் சிக்கியவர்கள். இவர்கள் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் போவார்கள். விசாரணை முடியும்வரை தங்கவைக்கும் இடத்துக்குப் பெயர் கூர்நோக்கு இல்லம்.

இந்த இரண்டு வகையிலும் சேராத ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பிள்ளைகள். கூவம் கரையிலோ அடையாற்றங்கரையிலோ இருந்த வீட்டை இடித்தபோது பள்ளிக்கூடம், கூட்டாளி, அம்மா வேலைக்குப் போன வீடு எல்லாமே ஒரே நாளில் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது. இந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள் என்று, வேலைக்கு மனுப் போடும்போது விலாசத்தை மாற்றி எழுதும் பழக்கம் இவர்களுக்குப் பதினாறு வயதிலேயே வந்துவிடுகிறது. எந்தக் கோப்பிலும் இவர்கள் பெயர் இருக்காது. ஆனால் பத்தாவதில் நின்றுபோவதற்கு ஒரு தள்ளு போதும்.

ஒரு வேண்டுகோள். இவர்களைப் பற்றிப் பேசும்போது "பாவம்" என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது அவர்கள் காதில் விழுந்துவிடும்.

எனக்கு வரையத் தெரியாது, பாடத் தெரியாது. வரலாமா?

வரலாம். எங்கள் குழுவில் கலைஞர்கள் மூன்று பேர்தான். மற்றவர்களில் ஒருவர் வங்கியில் இருக்கிறார், ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார், இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறார்கள். வரையத் தெரியாதவர் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கோணலாக ஒரு நாயை வரைந்தால் பையனுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. "அக்கா, இது நாயா, ஆடா?" என்று சிரிக்க அவனுக்கு ஒரு இடமும் கிடைக்கிறது. நன்றாக வரைபவர்களிடம்தான் எனக்குக் கொஞ்சம் பயம். பிள்ளை கையில் இருக்கும் பிரஷ்ஷை வாங்கி, "இப்படிப் போடணும்" என்று ஒரு இழுப்பு இழுத்துக் காட்டிவிடுவார்கள். அந்தத் தாளை அப்புறம் பிள்ளை தொடாது.

எவ்வளவு நாள் வரவேண்டும்?

ஜூன் முதல் மார்ச் வரை, வாரத்தில் ஒரு மதியம், மூன்று மணி நேரம். அரையாண்டுத் தேர்வு வாரத்திலும் பொங்கல் விடுமுறையிலும் வகுப்பு இல்லை. உடம்பு சரியில்லை, கல்யாணம், ஊருக்குப் போகிறேன் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் முந்தின வாரமே பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். இதில் மட்டும் நாங்கள் கொஞ்சம் கறார்.

ஏன் என்று ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஒருமுறை களிமண்ணில் யானை செய்துகொண்டிருந்தாள் ஒரு பெண். தும்பிக்கை நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருந்தது. கூட இருந்த தன்னார்வலர், "அடுத்த வாரம் கம்பி எடுத்துட்டு வரேன், உள்ளே வச்சு ஒட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. புது வேலை கிடைத்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. தப்பில்லைதான். ஆனால் இந்தப் பெண் யானை மேல் ஈரத்துணி போட்டு மூடி, காய்ந்துவிடாமல் இருக்கத் தினமும் தண்ணீர் தெளித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். நாங்கள் வேறு ஒருவரை அனுப்பிக் கம்பி கொடுத்தோம். வாங்கவில்லை. நான்காவது வாரம் அவளே அதை உடைத்துக் களிமண் வாளியில் போட்டாள்.

அவர்கள் வாழ்க்கையில் சொல்லாமல் போனவர்கள் ஏற்கெனவே அதிகம். வருடம் முழுக்க வர முடியாதவர்களுக்கு வேறு வேலை தருகிறோம். சார்ட் வாங்குவது, கணக்கு எழுதுவது, வண்டி ஓட்டுவது எல்லாமே எங்களுக்குத் தேவைதான்.

ஒரு சனிக்கிழமை எப்படி இருக்கும்?

மூன்று மணிக்கு ஆரம்பம் என்றால் மூன்றே காலுக்குத்தான் எல்லோரும் வந்து சேர்வார்கள். ஃபேன் போட்டால் சார்ட் பறக்கும், அணைத்தால் வேர்க்கும். அதனால் ஒவ்வொரு சார்ட்டின் நாலு மூலையிலும் நாலு செருப்பு. எங்கள் அறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

முதல் பத்து நிமிடம் பேச்சே கிடையாது, தாளம்தான். பெஞ்சில் தட்டுவது சென்னைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத வித்தை. ஒருவன் கானாவுக்கு அடிக்கும் தாளத்தை எடுப்பான், பக்கத்தில் இருப்பவன் அதைப் பிடித்துக்கொள்வான், அப்படியே வட்டம் சுற்றி வரும். யார் இன்று சரியில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். தட்டாமல் கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பவனை யாரும் கேள்வி கேட்கமாட்டோம். தாளம் அவனைத் தாண்டிப் போய்விட்டு அடுத்த சுற்றில் மறுபடி வரும்.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் அன்றைக்கான வேலை. ஓவியம் என்றால் முதல் நாள் எல்லோரும் வரைவது ஒரே படம்தான். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு ஓட்டு வீடு, தென்னை மரம், வளைந்து வரும் ஆறு. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவனும் இதைத்தான் வரைகிறான். மலையை அவன் எங்கே பார்த்தான்? பள்ளிக்கூடம் கையில் ஏற்றிவிட்ட படம் அது. அதைக் குறை சொல்லாதீர்கள், வரைந்து முடிக்கட்டும். அடுத்த வாரம், "உன் செருப்பை வரை" என்று சொல்லுங்கள். தேய்ந்த குதிகால், ஊக்கு குத்திய வார், ஒட்டியிருக்கும் தார் என்று எல்லாம் வரும். அதற்கு அடுத்த வாரம் 29சி பேருந்தின் படிக்கட்டு. இப்படித்தான் மலையிலிருந்து இறங்கி வருகிறோம்.

அது முடிந்ததும் சுண்டலும் டீயும். கடைசிக் கால் மணி நேரம் பிரஷ் கழுவுவது, தரை துடைப்பது. அதிகம் பேச்சு நடப்பது அப்போதுதான். குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது சொல்ல முடிகிற விஷயங்கள், முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டால் வராது. அதனால் "நான் கழுவித் தரேன், நீங்க போங்க" என்று நல்ல மனதோடு அந்த வேலையைப் பறித்துக்கொள்ளாதீர்கள்.

எந்தக் கலையைச் சொல்லித்தருவது நல்லது?

நீங்கள் எதைச் செய்யும்போது நேரம் போவதே தெரியாதோ அது. பொதுவாக இப்படி ஒரு பதில் சொன்னாலும், இரண்டு கலைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும்.

பறை. நகரத்து இளைஞர்கள் இதை விடுதலையின் இசையாகக் கையில் எடுத்து ரொம்ப நாளாகிவிட்டது. சரிதான். ஆனால் சாவு வீட்டில் அடித்தே ஆகவேண்டும் என்று தாத்தாவையும் அப்பாவையும் கட்டாயப்படுத்திய ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்த வாத்தியம் வேறு மாதிரிக் கேட்கும். நாங்கள் முதல்முறை பறை கொண்டுவந்த அன்று, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து வெளியே போய்விட்டான். என்ன ஏது என்று கேட்கவில்லை. வாராவாரம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். மழைக்கால மதியம் ஒன்றில் உள்ளே இருந்தவர்கள் அடித்து அடித்துப் பார்த்தும் சத்தம் எழவில்லை. வாசலிலிருந்து குரல் வந்தது: "தோல் இறங்கிடுச்சுண்ணா. அனல் காட்டணும்." இல்லத்தில் நெருப்பு மூட்ட அனுமதி கிடையாது. அவனே சமையற்கட்டுக்குப் போய், அங்கே சமைக்கும் அம்மாவிடம் பேசி, அடுப்பிலிருந்து கை எட்டும் தூரத்தில் பிடித்துக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். அதன்பிறகு தோல் காய்ச்சுவது அவன் வேலையாகிவிட்டது. இடது கைக்கு நீளமான மெல்லிய குச்சி, வலது கைக்குக் குட்டையான தடித்த குச்சி என்று மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். கடைசிவரை அவன் அடிக்கவில்லை. அடிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை.

(காய்ச்சத் தேவையில்லாத ஃபைபர் பறை இப்போது கிடைக்கிறது. மழைக்காலத்துக்கு வசதிதான். சத்தம் எனக்குப் பிடிக்காது. இது என் சொந்தக் குறை.)

நாடகம். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஒரு முறையைப் பயன்படுத்துகிறோம். ஒரு சிக்கலை நடித்துக் காட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி உள்ளே வந்து, மாட்டிக்கொண்டவனின் இடத்தில் நின்று வேறு மாதிரி நடந்து பார்க்கலாம். பைக்கில் போகும் இரண்டு பையன்களைப் போலீஸ்காரர் நிறுத்துகிறார். கம்பெனி மேனேஜர் விலாசத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். சித்தப்பா படிப்பை நிறுத்தச் சொல்கிறார். பிள்ளைகள் பிய்த்து உதறிவிடுவார்கள். போலீஸாக நடிக்கத்தான் போட்டியே. இதில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு கட்டுப்பாடு: நமக்கு நடந்ததை நடிக்கமாட்டோம், பக்கத்துத் தெருவில் யாருக்கோ நடந்ததைத்தான் நடிப்போம். பக்கத்துத் தெரு எது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த ஒரு தெருத் தூரம் வேண்டும்.

கேமராவும் நல்லதுதான். புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் வடசென்னைப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்றுத்தந்து, அவர்கள் எடுத்தவற்றைக் கண்காட்சியாகவே வைக்க முடிந்தது. வெளியாட்கள் வந்து அவர்களைப் படம் எடுத்துக்கொண்டு போவதற்கும் அவர்களே தங்கள் தெருவை எடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்தப் படங்களைப் பார்த்தால் தெரியும்.

அவர்களுடைய கதையைக் கேட்கலாமா? கேட்டால்தானே புரிந்துகொள்ள முடியும்?

கேட்கவேண்டாம். இந்தக் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் காட்டமாகவே இருக்கும்.

ஒரு இல்லத்துப் பிள்ளை தன் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். போலீஸ், நலக் குழு, இல்லத்தின் கண்காணிப்பாளர், ஆலோசகர், டாக்டர், அப்புறம் நன்கொடை தர வந்த ஐயா, அம்மா. ஒவ்வொருமுறையும் முதலிலிருந்து. எந்த இடத்தில் கேட்பவர் கண் கலங்கும் என்பதுகூட அவர்களுக்கு அத்துப்படி. சனிக்கிழமை மதியம் ஒன்றாவது அந்தக் கதை இல்லாமல் இருக்கட்டும். அங்கே அவன் நன்றாகத் தாளம் தட்டுகிறவன், அவள் பச்சை நிறத்தைக் கலக்கத் தெரிந்தவள். அவ்வளவு போதும்.

அதே காரணத்தால்தான் "உன் குடும்பத்தை வரை", "உன் மறக்க முடியாத நாள்", "அம்மாவுக்கு ஒரு கடிதம்" மாதிரியான தலைப்புகளை நாங்கள் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடங்களில் அன்னையர் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லும்போது இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யாராவது யோசித்திருக்கிறார்களா? அவர்களாகவே வரைந்தால் அது வேறு. கறுப்பாக ஒரு படம் வரைந்தால் உடனே அர்த்தம் சொல்லவும் கிளம்பிவிடாதீர்கள். மற்ற கலரெல்லாம் தீர்ந்துபோயிருக்கலாம்.

அப்படியானால் இது சிகிச்சை இல்லையா?

இல்லை. கலைவழிச் சிகிச்சை என்பது படித்துப் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. நாம் செய்வது வகுப்பு, கொஞ்சம் கூத்து, கொஞ்சம் சிநேகம். கையில் கீறல், தூங்காத கண், "செத்துடலாம்போல இருக்கு" என்ற பேச்சு எதுவானாலும் அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற டெலிமனாஸ் எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் என்ன செய்வது?

முதலில் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தாமல் கேளுங்கள். முகம் மாறவேண்டாம், "ஐயையோ" வேண்டாம். சொல்வதைச் சொல்லி முடிக்கட்டும். தூண்டித் துருவிக் கேள்வி கேட்காதீர்கள். அது பின்னால் விசாரணையையே கெடுக்கும். "என்கிட்ட சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை" என்ற இரண்டு வாக்கியம் போதும்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டும். அந்தச் சத்தியத்தைச் செய்யவே கூடாது. "உன்னைக் காப்பாத்தறதுக்கு யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன், யார்கிட்டன்னு உனக்கும் சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லுங்கள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லவேண்டியது எல்லோருடைய கடமை. டாக்டர், ஆசிரியர் மட்டுமல்ல, நீங்களும்தான். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "இல்லத்தின் பெயர் கெட்டுவிடும், நாமே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. எங்கள் ஒருங்கிணைப்பாளர் போனை எடுக்கவில்லை என்றால் நீங்களே அழையுங்கள், எங்கள் அனுமதிக்குக் காத்திருக்கவேண்டாம்.

போலீஸ் என்றதும் பிள்ளை பயப்படும். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரி ஒருவர்தான் எடுக்கவேண்டும். சீருடையில் வரக்கூடாது. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. இதைப் பிள்ளைக்குப் புரியும்படி சொன்னால் பாதிப் பயம் போகும்.

பதினேழு வயதுப் பெண் "இது லவ்தான் அக்கா" என்று சொல்வதும் நடக்கும். 18 வயதுக்குக் கீழே சம்மதத்தைச் சட்டம் ஏற்பதில்லை. அதனால் நீங்களே தீர்ப்புச் சொல்லாமல், அறிவுரையும் சொல்லாமல், ஒருங்கிணைப்பாளரிடம் அன்றைக்கே பேசுங்கள்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

கூடாது. முகத்தை மங்கலாக்கி வைத்தாலும் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, இந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டும் பெயர், விலாசம், பள்ளி, படம் எதையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அவர்கள் வரைந்த படத்தைப் போடலாமா என்றால், பெயர் இல்லாமல், அவர்களிடம் கேட்டுவிட்டு, இல்லத்தின் அனுமதியோடு போடலாம். ஒருத்தி "வேண்டாம்" என்று சொன்னால் அவ்வளவுதான், காரணம் கேட்கவேண்டாம்.

என் பிறந்தநாளுக்குப் பிரியாணி வாங்கித்தரலாமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள். ஒரு இல்லத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத ஒருவருக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்று பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். அவர் ஒவ்வொரு இலையிலும் ஒரு கரண்டி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த பையன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, இந்த வாரம் இது மூணாவது பிரியாணி. ரசம் சோறு கிடைச்சா நல்லாருக்கும்."

செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் வாட்டர் கலர் பேப்பர் வாங்கிக் கொடுங்கள், பெயர் எழுதாமல்.

போன் நம்பர் கொடுக்கலாமா? பணம் கேட்டால்?

தனிப்பட்ட நம்பர் வேண்டாம், இன்ஸ்டாகிராமில் தொடர்வதும் வேண்டாம். வகுப்புக்கு என்று ஒரு பொது எண் இருக்கிறது, அதைக் கொடுங்கள். பணம், ரீசார்ஜ், புது டிரஸ் எதுவுமே தனி ஒருவருக்குத் தரக்கூடாது. ஒருவனுக்கு வாங்கித்தந்த ஷூவால் எட்டுப் பேர் அடித்துக்கொண்டதைப் பார்த்தபிறகு போட்ட விதி இது. உண்மையான தேவை என்றால், தேர்வுக் கட்டணம் மாதிரி, எங்களிடம் சொல்லுங்கள், குழுவாகப் பார்த்துக்கொள்ளலாம். தனியாக ஒரு பிள்ளையை வெளியே கூட்டிப்போவதோ கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதோ எப்போதும் கிடையாது. ஆண், பெண் யாராக இருந்தாலும் இதுதான்.

அவர்கள் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?

அண்ணா, அக்கா. தலை நரைத்திருந்தால் சார், மிஸ். சில வாரங்களில் உங்களுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்துவிடுவார்கள், அது உங்கள் காதுக்கு வரச் சில மாதம் ஆகும். "என்னை அம்மான்னு கூப்பிடு" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அந்த இடம் காலியாக இருக்கிறது என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

கெட்ட வார்த்தை பேசினால், சண்டை போட்டால்?

பேசுவார்கள். நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் முகம் சுளிப்பதில்லை. இன்னொரு பிள்ளையைக் குறிவைத்துப் பேசினால், சாதி சொல்லித் திட்டினால், அம்மாவை இழுத்தால் மட்டும் வகுப்பு அப்படியே நிற்கும். முதல் வகுப்பிலேயே விதிகளை அவர்களையே எழுதச் சொல்கிறோம். நம்மைவிடக் கடுமையாகத்தான் எழுதுவார்கள். ஒரு வருடம், தாமதமாக வந்தால் ஐம்பது தோப்புக்கரணம் என்று எழுதிவிட்டு, முதலில் மாட்டியது நான்.

கத்தரிக்கோல், கட்டர் பிளேடு எல்லாம் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கவேண்டும். ஒன்று குறைந்தால் கிடைக்கும்வரை யாரும் கிளம்பக்கூடாது, நீங்கள் உட்பட.

ஆண்டு முடிவில் நிகழ்ச்சி உண்டா?

அவர்கள் கேட்டால் உண்டு. மேடை சிலருக்குச் சிறகு, சிலருக்கு வயிற்றுவலி. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைப் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் கலைத் திருவிழாவில் சேரச் சொல்லி ஊக்கப்படுத்துகிறோம். அங்கே அவர்கள் இல்லத்துப் பிள்ளையாக இல்லாமல் பள்ளியின் மாணவராகப் போகிறார்கள். அது பெரிய விஷயம். நன்கொடையாளர்கள் முன்னால் ஆடிக்காட்டும் நிகழ்ச்சியை மட்டும் நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் இரண்டு நன்கொடைகள் போயின.

18 வயது ஆனதும் என்ன ஆகும்?

பிறந்தநாள் வந்ததும் இல்லத்தை விட்டுப் போகவேண்டும். பின்பராமரிப்பு என்ற பெயரில் 21 வயதுவரை உதவி செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அது தானாகக் கதவைத் தட்டி வராது, மனுப் போட்டு, அலைந்து, கேட்டு வாங்கவேண்டும். அலுவலகங்களுக்குக் கூடவே நடக்கத் தயாராக இருப்பவர்கள் எங்களுக்கு எப்போதும் தேவை. பிரஷ் பிடிக்கவே தெரியவேண்டாம், படிவம் நிரப்பத் தெரிந்தால் போதும்.

எனக்கே மனசு கனத்துப்போனால்?

போகும். வகுப்பு முடிந்ததும் பக்கத்து டீக்கடையில் அரை மணி நேரம் எல்லோரும் நின்று பேசிவிட்டுத்தான் கிளம்புவோம். அதைத் தவிர்த்துவிட்டு நேராக வீட்டுக்கு ஓடாதீர்கள். கேட்டதை வீட்டில் போய்க் கொட்டவும் முடியாது, அது பிள்ளையின் ரகசியம். ஒரு பருவம் விலகி இருக்க நினைத்தால் தாராளமாக இருக்கலாம், பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு.

சரி, எப்படிச் சேர்வது?

நீங்கள் சென்னையில் இல்லை என்றால் உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். எந்த இல்லத்துக்கு எந்த மாதிரி ஆள் தேவை என்று அவர்களுக்குத் தெரியும். கூர்நோக்கு இல்லம் என்றால் துறையின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது, அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். எங்களிடம் வருகிறவர்களிடம் ஆதார் நகல், காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் போன் நம்பர் வாங்குகிறோம். அந்த இரண்டு பேருக்கும் உண்மையாகவே போன் போட்டுப் பேசுவோம். "என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும்.

பிறகு இரண்டு நாள் பயிற்சி. அதற்குப் பிறகு நாலு வாரம் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது மட்டும்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

கறை பட்டால் கவலைப்படாத சட்டை. தண்ணீர் பாட்டில். வேறு எதுவும் வேண்டாம், சாக்லேட்கூட. இரண்டரைக்கே வந்துவிடுங்கள், பாய் விரிக்கவேண்டும், சார்ட் வெட்டவேண்டும். செருப்பை வெளியே விட்டுவிடாமல் உள்ளேயே எடுத்துக்கொண்டு வாருங்கள், மூலையில் வைக்க எப்போதும் ஒன்றிரண்டு குறையும்.